அண்ணிக்கு எடுக்காத லீவு

1

போன வாரம் அலுவலகக் கணினி எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. உங்களுக்கு இன்னும் பதினொரு நாள் லீவு மிச்சம் இருக்கிறது, அடுத்த மாதக் கடைசிக்குள் எடுக்காவிட்டால் காலாவதி ஆகிவிடும் என்று எழுதியிருந்தது. கீழே கடற்கரையும் குடையுமாக ஒரு படம்.

அன்றைக்குக் காலையில்தான் காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தில், எங்கள் வீட்டில் முதல் வருடத் திதி நடந்து முடிந்திருந்தது. இறந்தவர் என்னைப் பெற்ற தாய். திதி கொடுத்தவர் என் சித்தப்பா. நான் இங்கிலாந்தில், மருத்துவச் சாமான்கள் அடுக்கிய ஒரு கிடங்கில், எந்தப் பெட்டி எந்த லாரியில் ஏற வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவைக் கேட்டால் நான் லண்டனில் இருப்பதாகச் சொல்வார்கள். லண்டன் இங்கிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம். அதை ஆறு வருடமாகச் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன்.

பதினொரு நாளும் கையில் இருக்கும்போது ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் கொள்ளி வைத்தவர்தான் திதியும் கொடுக்க வேண்டும். கொள்ளி வைத்தது சித்தப்பா. அங்கே போய் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. உண்மையான காரணம் அதுதான்.

2

லீவு என்ற சொல்லை நான் ஆங்கிலம் என்றே நினைத்ததில்லை. அமாவாசை வந்தால் எங்கள் தெருவில் தறிக்கு லீவு. கருட சேவைக்கு ஊருக்கே லீவு. மழை வலுத்தால் கலெக்டர் லீவு விடுவாரா என்று டிவி முன்னால் உட்கார்ந்திருப்போம். பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதச் சொல்லித் தருவார்கள். நோட்ஸில் இருப்பதை மனப்பாடம் செய்து, காய்ச்சலால் அவதிப்படுவதால் இரண்டு நாள் லீவு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன் என்று, காய்ச்சலே வராத நாளிலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எங்களுக்கு அந்தச் சொல் என்றால் சந்தோஷம். வேறு அர்த்தம் தெரியாது.

இங்கே வந்துதான் அந்தச் சொல்லுக்கு எத்தனை முகம் என்று பார்த்தேன். வேலையில் சேர்ந்த முதல் வாரம், சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது, எங்கள் ஆங்கில வாத்தியார் சொல்லிக் கொடுத்த மரியாதையோடு மேலாளரிடம், "ஐ டேக் லீவ், சார்" என்றேன். அவர் பதறிப்போய், சேர்ந்து நாலு நாள்தானே ஆகிறது, அதற்குள் லீவா என்றார். பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். அவன் சிரித்தது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

விசாக் காகிதத்தில் அது வேறு மாதிரி உட்கார்ந்திருந்தது. லீவ் டு ரிமெய்ன். போவதற்கும் அந்தச் சொல், இருப்பதற்கு அனுமதிக்கும் அதே சொல். தங்கியிருக்க லீவு. அந்த லீவு என் வேலையோடு கட்டிப்போட்ட லீவு. வேலை போனால் சில வாரங்களில் வேறு வேலை தேட வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். ஐந்து வருடம் குற்றம் குறை இல்லாமல் தள்ளிவிட்டால் காலவரையற்ற லீவு தருவார்கள். அந்த ஐந்து வருடத்தை நான் சிறைக் கைதி மாதிரி நாள் எண்ணிக் கழித்தேன்.

வீட்டிலும் அந்தச் சொல் நுழைந்துவிட்டது. என் மகள் தீபுவுக்குப் பதினான்கு வயது. எட்டு வயதில் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவள். நான் எதையாவது இரண்டு தடவை கேட்டால், "லீவ் இட், டாட்" என்பாள். மூன்றாம் தடவை கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வாள். என்னைத் தனியாக விடுங்கள் என்று கதவில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறாள். அதிலும் முதல் சொல் அதுதான்.

3

இனி எங்கள் வீட்டு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்த காரியம் உங்களுக்குப் புரியாது.

எங்கள் வீடு கூட்டுக் குடும்பம். பெரியப்பா, என் அப்பா, அதற்குக் கீழே இரண்டு சித்தப்பாக்கள். பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லை. பெரியம்மாவிடம்தான் வீட்டுச் சாவி, சமையல், பிள்ளைகள் எல்லாம். என்னைப் பெற்ற தாய் ராஜேஸ்வரி இரண்டாவது மருமகள். காலையில் அப்பாவோடு தறியில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். எனக்குச் சோறு ஊட்டியது, குளிப்பாட்டியது, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது எல்லாம் பெரியம்மா.

நான் பெரியம்மாவை அம்மா என்று கூப்பிட்டேன். பெற்ற தாயை, சித்தப்பாக்கள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, அண்ணி என்று கூப்பிட்டேன். இது எங்கள் தெருவில் அதிசயம் இல்லை. பெற்ற தாயை அக்கா என்றும் அண்ணி என்றும் கூப்பிடும் பிள்ளைகள் வீட்டுக்கு ஒன்று உண்டு. பெரியம்மாவை "நீ" என்பேன், சண்டை போடுவேன், முந்தானையில் கை துடைப்பேன். அண்ணி என்று கூப்பிட்டதாலோ என்னவோ, பெற்றவளிடம் மட்டும் "நீங்க" வந்துவிட்டது. கடைசி வரை அது மாறவில்லை.

இதைத் தொடங்கி வைத்தது யார் என்று எனக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் தெரிந்தது. பெரியம்மாவே ஒரு நாள் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்.

"ராஜிதான்டா சொல்லிக் குடுத்துச்சு. நீ பேச ஆரம்பிச்சப்ப உன்னத் தூக்கியாந்து என் மடியில போட்டுட்டு, 'இதான் அம்மா, சொல்லு, அம்மா'ன்னுச்சு. தெருவுல ஒருத்தி என்ன மலடின்னு சொல்லிட்டா, அதுக்கு மறுநாளு. நான் வேணாம் வேணாம்னேன். அது கேக்கவே இல்ல. சொல்லிட்டுத் தறிக்குப் போயிடுச்சு."

என் தங்கை செல்வி எனக்கு எட்டு வருடம் இளையவள். அவள் பிறப்பதற்குள் சித்தப்பாக்கள் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள், அண்ணி என்று கூப்பிட வீட்டில் ஆள் இல்லை. அதனால் அவளுக்கு அம்மா அம்மாதான், பெரியம்மா பெரியம்மாதான். நான் ஒருவன்தான் மாறிக் கூப்பிட்டேன்.

4

நான் இங்கே வந்த இரண்டாவது வருடம் பெரியம்மா போய்விட்டாள். பெரியப்பாவும் என் அப்பாவும் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்கள். பெரியம்மாவுக்குக் கொள்ளி வைக்க நான்தான் பிள்ளை. அதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அலுவலகக் கணினியில் துக்க லீவுக்கு ஒரு படிவம். அதில் இறந்தவர் என்ன உறவு என்று கேட்டு, கீழே ஒரு பட்டியல் விரிந்தது. அம்மா, அப்பா, துணைவர், பிள்ளை, உடன்பிறந்தவர், அத்தை அல்லது மாமா, மற்றவர். முதல் ஐந்துக்கும் ஐந்து நாள். மற்றதற்கெல்லாம் ஒரு நாள். பெரியம்மா என்று ஒரு வரி அதில் இல்லை. தாயின் அக்காவோ, பெரியப்பாவின் மனைவியோ, பக்கத்து வீட்டு மாமியோ, எல்லாரும் அவர்களுக்கு ஆன்ட்டிதான். என்னை வளர்த்தவளுக்கு ஒரு நாளா என்று கோபம் வந்தது. கோபத்தில் அம்மா என்ற வரியை அழுத்தினேன்.

அழுத்தும்போது பொய் சொல்கிறோம் என்று எனக்குத் தோன்றவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் அது பொய்யாகவே படவில்லை. நான் யாரை அம்மா என்று கூப்பிட்டேனோ அவள் செத்துப்போனாள். அவளுக்கு மொட்டை போட்டுக்கொண்டு கொள்ளி வைக்கப் போகிறேன். வேறென்ன எழுதுவது?

ஐந்து நாள் கொடுத்தார்கள். போனேன், கொள்ளி வைத்தேன், பால் தெளித்தேன். பதினாறாம் நாள் காரியம் வரை இருக்க முடியாமல் மொட்டைத் தலையோடு திரும்பினேன். மேசையில் வெள்ளைப் பூவும் ஒரு வாழ்த்தட்டை மாதிரி ஒன்றும் வைத்திருந்தார்கள். உன் அம்மாவின் மறைவுக்கு வருந்துகிறோம் என்று எழுதி, பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். முதல் வாரம் என்னைப் பார்த்துச் சிரித்தவனும் போட்டிருந்தான்.

5

ஊரில் இருந்த அந்த ஐந்து நாளில் ஒரு பேச்சு நடந்தது. அதைச் சொல்லாமல் தாண்ட முடியாது.

பால் தெளித்துவிட்டு வந்த மறுநாள் மத்தியானம், அண்ணி பெரியம்மாவின் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தார். துக்க வீடு என்பதால் தறி ஓடவில்லை. தறிச் சத்தம் இல்லாத வீட்டில் என்ன பேசுவது என்று தெரியாமல், நான் ஏதோ சாதனை மாதிரிச் சொன்னேன்.

"ஒரு நாள்தான் குடுப்பேன்னாங்க அண்ணி. நான் அம்மான்னு எழுதிட்டேன். அஞ்சு நாள் வந்திடுச்சு."

அண்ணி சேலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நல்லதுதானேப்பா. அக்காதானே உன்ன வளத்தாங்க" என்றார். இரண்டு சேலை மடித்து முடித்த பிறகு கேட்டார்.

"அப்ப நான் போனா இன்னான்னு எழுதுவ?"

நான் சிரித்தேன். "நீங்க இன்னும் இருவது வருசம் இருப்பீங்க."

"அதுக்கில்ல. ரெண்டு வாட்டி அம்மான்னு எழுத வுடுவாங்களா?"

"அதெல்லாம் வுடுவாங்க அண்ணி."

"பேப்பர்ல எழுதுனது அவங்ககிட்ட அப்படியே இருக்கும் இல்ல?"

"யாரு பாக்கப் போறா?" என்றேன்.

"செரிப்பா. சும்மாதான் கேட்டேன்" என்று அடுத்த சேலையை எடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். என் மூளைக்கு எட்டாதது அவருக்கு எட்டியது. அந்தப் பேச்சில் ஒரு தாய் என்னிடம் வேறு என்ன கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதும் எனக்கு எட்டவில்லை.

6

போன வருடம் ஆடி மாதம் செல்வியிடமிருந்து போன் வந்தது. இங்கே காலை பத்தரை மணி, தேநீர் இடைவேளை. செல்வி வாலாஜாபாத்தில் வாழ்க்கைப்பட்டவள். அண்ணிக்கு மூச்சுத் திணறல் வந்து நாலு நாளாக ஆஸ்பத்திரியில் அவள்தான் கூட இருந்தாள். குணமாகி வருகிறது என்றுதான் முந்தின நாள்கூடச் சொல்லியிருந்தாள்.

"ண்ணா, அம்மா பூட்டாங்கண்ணா."

சித்தப்பா போனை வாங்கினார். "ஐஸ் பொட்டிக்குச் சொல்லிட்டேன்பா. நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் வெச்சிருக்கலாம்னு பெரியவங்க சொல்றாங்க. அதுக்கு மேல தாங்காது. நீ எப்படியாவது வந்துடு."

கணக்குப் போட்டேன். சாயங்காலம் ஒரு விமானம் இருந்தது. மூன்று மணிக்குள் கிளம்பினால் மறுநாள் மத்தியானம் சென்னை, மூன்றரைக்குக் காஞ்சிபுரம். முடியும். என் தாய்க்குக் கொள்ளி வைக்க முடியும்.

படிவத்தைத் திறந்து அம்மா என்ற வரியை அழுத்தினேன். சிவப்பில் ஒரு வரி வந்தது. இந்த உறவுக்கான துக்க லீவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது.

மனிதவளப் பிரிவில் ஜானெட் என்று ஒரு பெண்மணி. நல்லவள்தான், அவளைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. போன் போட்டேன். "அடடா, எவ்வளவு மோசமான நேரத்தில் இந்தக் கணினி இப்படிச் செய்கிறது" என்றாள். "போன தடவை இறந்தது மாமியாராக இருக்கும், யாரோ தப்பாகப் பதிந்திருப்பார்கள். உங்கள் பிறப்புச் சான்றிதழை அனுப்புங்கள். அம்மா பெயரைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் சரிசெய்து தருகிறேன்."

பிறப்புச் சான்றிதழ் என் போனிலேயே இருந்தது. விசாவுக்காகப் படம் எடுத்து வைத்தது. அனுப்பப் போனேன். அதற்குள் அவளே கேட்டாள்.

"போன தடவை பதிந்தது யார்? நீங்களேதானா?"

"ஆமாம்" என்றேன்.

அவள் குரல் மாறியது. "அப்படியானால் நான் இதை மேலே அனுப்பியாக வேண்டும். பொய்த் தகவல் என்றால் விசாரணை வரும். நீங்கள் இன்றைக்கு ஊருக்குப் போவதை நான் தடுக்கவில்லை. ஆனால் அனுமதி இல்லாமல் போனதாகத்தான் பதிவாகும். யோசித்துச் சொல்லுங்கள்."

இதுதான் நான் மாட்டிக்கொண்ட இடம். இறந்தவர் என் தாய் என்று நிரூபிக்க என்னிடம் இருந்தது அந்த ஒரு காகிதம். அதே காகிதம், போன தடவை நான் எழுதியது பொய் என்றும் நிரூபிக்கும். ஐந்து வருடம் முடிய இன்னும் இரண்டே மாதம். விசாரணையில் வேலை போனால் விசா போகும். நாள் எண்ணி முடிக்கப் போகிற நேரத்தில் மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டும்.

என் மனைவி வனிதாவுக்குப் போன் செய்தேன். அவள் யோசிக்கவே இல்லை. "நீங்க கெளம்புங்க. வேல போனா போவட்டும். இன்னா ஆயிடும்? ஊருக்குத் திரும்பிப் போவோம், அவ்ளோதானே?"

"தீபு படிப்பு?"

"காஞ்சிவரத்துல ஸ்கூலே இல்லியா?"

தீபு அங்கே போய்த் தமிழில் எப்படிப் படிப்பாள், இத்தனை வருடப் பாடு வீணாகுமே என்றெல்லாம் நான் பேசினேன். நிறையப் பேசினேன். வனிதா கடைசியில், "உங்க அம்மா. நீங்க முடிவு பண்ணுங்க" என்று வைத்துவிட்டாள்.

மணி ஒன்றரை ஆகியிருந்தது. மறுபடி படிவத்தைத் திறந்தேன். பட்டியலில் கீழே இறங்கி அத்தை அல்லது மாமா என்ற வரியை அழுத்தினேன். ஜானெட்டுக்கு, தவறுதலாக அம்மா என்று அழுத்திவிட்டேன், பதற்றம், இறந்தது என் சிற்றன்னை என்று எழுதினேன். இரண்டே நிமிடத்தில் பச்சையில் வந்தது. ஒரு நாள் லீவு அனுமதிக்கப்பட்டது. அந்த வருடத்துக்கான என் சொந்த லீவு முன்பே தீர்ந்திருந்தது. ஒரு நாளில் காஞ்சிபுரம் போய்த் திரும்ப யாராலும் முடியாது. அது தெரிந்துதான் அழுத்தினேன்.

செல்வியிடம் டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொன்னேன். "செரிண்ணா" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் பன்னிரண்டரைக்கு, வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, சித்தப்பா கொள்ளி வைப்பதைப் போனில் பார்த்தேன். யாரோ ஒரு பையன் போனைப் பிடித்திருந்தான், கை ஆடிக்கொண்டே இருந்தது. தீபு அன்று பள்ளிக்கூடம் போகவில்லை. பாட்டி இறந்துவிட்டார் என்று வனிதா எழுதியிருந்தாள். பள்ளிக்கூடம் எந்தச் சான்றிதழும் கேட்கவில்லை. லீவு கொடுத்து, அழ வேண்டும்போல் இருந்தால் பேச ஒரு ஆளும் இருக்கிறார் என்று பதில் அனுப்பியிருந்தார்கள். அன்று எங்கள் வீட்டில் ஒரே சாவுக்கு இரண்டு லீவு. மகளுக்குப் பாட்டி செத்ததற்கு, எனக்கு ஆன்ட்டி செத்ததற்கு.

நெருப்பு எழும்பியபோது தீபு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, தமிழில் கேட்டாள். "அப்பா, இவங்கதானே உங்க ரியல் மம்?"

ஆமாம் என்றேன். "அப்ப ஏன் நீங்க போகல?" என்றாள்.

"லீவ் இட், தீபு" என்றேன்.

அலுவலகத்துக்குத் திரும்பிய அன்று மேசையில் மறுபடி வெள்ளைப் பூ, மறுபடி அட்டை. உன் ஆன்ட்டியின் மறைவுக்கு வருந்துகிறோம். இந்த முறை ஏழு பேர் கையெழுத்து. இரண்டு அட்டையும் என் மேசை இழுப்பறையில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, எடுத்துப் பார்க்கவும் முடியவில்லை.

7

சாம்பலைத் திருமுக்கூடலில் கரைத்தார்கள். ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர் இருந்ததாம். எங்கள் தெரு முனையில் வைத்த கண்ணீர் அஞ்சலி பேனரை யாரோ படம் எடுத்து அனுப்பினார்கள். மகன், லண்டன் என்று கொட்டை எழுத்தில் என் பெயர் முதலில் இருந்தது.

காலவரையற்ற லீவு வந்துவிட்டது. வந்த அன்று வனிதா கேசரி கிண்டினாள். தீபு தோழிகளோடு சாப்பிடப் போய்விட்டாள். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு ஸ்பூன் சாப்பிட்டு மிச்சத்தை மூடி வைத்தோம். இனி எவனும் என்னைப் போ என்று சொல்ல முடியாது. யாருக்காக அவசரமாக ஓட வேண்டுமோ, அவர்கள் இரண்டு பேரும் இல்லை. இந்த லீவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

8

திதி முடிந்த நாலாம் நாள், முந்தாநாள், செல்வி கூப்பிட்டாள். வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் போயிருந்தாளாம். இறப்புச் சான்றிதழோடு ஆஸ்பத்திரிக் காகிதங்களையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறாள். அங்கே இருந்தவர் சேர்க்கைச் சீட்டைப் பார்த்துவிட்டு, இதில் பிள்ளைகள் மகள் ஒருத்தி என்றுதானே இருக்கிறது, இந்த மகன் எங்கிருந்து வந்தார் என்று கேட்டிருக்கிறார்.

"உன் பர்த் சர்டிபிகேட் வேணும்ணா. அனுப்பு."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. ஒரு வருடமாக உள்ளே கிடந்தது எல்லாம் அவள்மேல் பாய்ந்தது. "மகள் ஒருத்தின்னு யாரு எழுதுனது? கூட இருந்தது நீதானே? நான் கொள்ளி வைக்க வரலன்னா நான் புள்ளையே இல்லன்னு ஆயிடுமா? இல்ல, வீட்டுக்காகப் பண்ணியா?"

சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன். போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"நான் எழுதலண்ணா" என்றாள். "உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் இத்தினி நாளு இருந்தேன். நீயே கேட்டுட்ட. நர்சம்மா கேட்டாங்க, எத்தினி பசங்கன்னு. ரெண்டு பேரு, ஒரு அண்ணன், அப்பறம் நான்னு சொல்ல வாயத் தெறந்தேன். அம்மா என் கையப் புடிச்சிக்கினாங்க. மூச்சு வாங்கிக்கினே அவங்களே சொன்னாங்க, பொண்ணு ஒருத்திதான்னு. அப்ப அந்தப் பையன் யாருன்னு நர்சம்மா கேட்டாங்க. நான் அதுக்குள்ள போன்ல உன் போட்டோவக் காட்டிட்டேன் இல்ல. அம்மா சொன்னாங்க, 'அவன் எங்க அக்கா புள்ள'ன்னு."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"நர்சம்மா போனப்பறம் கேட்டேண்ணா, ஏம்மா இப்படிச் சொன்னன்னு. கோவமா இருக்குதோன்னு நெனச்சேன். கோவமே இல்ல. 'அவன் ஆபீசுல அக்காவத்தான் அம்மான்னு எழுதியிருக்கான். இங்க வேற மாதிரி எழுதி, அந்தப் பேப்பரு அங்க போயி, புள்ளைக்கு எதனா ஆயிடப் போவுது. ரெண்டு பேப்பரும் ஒண்ணா இருக்கட்டும்'னாங்க. அவ்ளோதாண்ணா. நாலாம் நாளு பூட்டாங்க."

கிடங்குக்கு வெளியே, லாரிகள் திரும்பும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். நல்ல வெயில். இரண்டு பேர் சிகரெட் பிடித்துக்கொண்டு பந்தாட்டம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அவர் என் தாய் இல்லை என்று எழுதுவதற்கு நாலு நாள் முன்பே, நான் அவர் பிள்ளை இல்லை என்று அவர் எழுத வைத்திருக்கிறார். நான் எழுதியது என்னைக் காப்பாற்றிக்கொள்ள. அவர் எழுத வைத்ததும் என்னைக் காப்பாற்றத்தான்.

"ண்ணா, இருக்கியா?" என்றாள் செல்வி. "டிக்கெட்டுக் கெடைக்கலன்னு நீ சொன்னப்பவே எனக்குத் தெரியும்ணா. போவட்டும். சர்டிபிகேட்ட அனுப்பு. ஆபீசுல இருக்கறவரு நாலு மணிக்கு எழுந்து பூடுவாரு."

போனில் தேடி எடுத்தேன். காஞ்சிபுரம் நகராட்சி முத்திரையோடு, அன்றைக்கு ஜானெட்டுக்கு அனுப்பாமல் விட்ட அதே படம். தாயின் பெயர் என்ற இடத்தில் ராஜேஸ்வரி என்று இருந்தது. அதற்குக் கீழே, செல்விக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணி என்று எழுதாமல், "இதுல அம்மா பேரு இருக்குது" என்று எழுதி அனுப்பினேன்.